ஒரு கலயம், இரண்டு குழி

நியாயம் சொல்ல நாக்கு துருதுருக்கிறவர்களுக்கு இந்தக் கதை. நடுவில் இரண்டு சேதி சொல்வேன். அவற்றைக் கோட்டைவிட்டால் பழி என்மேல் இல்லை.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அங்கே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் வேலம்மாள். இரண்டு முறை கரு தங்காமல் போனது. மாமியார் பேச்சியம்மாள் குழாயடியில் நின்று, "எங்க ரத்தத்த அவ உடம்பு ஏத்துக்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் மறந்துவிட்டாள். வேலம்மாளுக்கு மறக்கவில்லை.

மூன்றாம் முறை கரு தங்கியதும் செவிலியர் ஜெபராணியிடம் நேராகவே கேட்டாள்.

"அத்த சொன்னது நெசமா சிஸ்டர்?"

"முன்னால ரெண்டும் ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நஞ்சுக்கொடி இருக்கே, அது பிள்ளகிட்ட இருந்து மொளைக்கது. அதுல பாதி ஒம் புருஷன் வழி. ஒன் உடம்புக்கு அது பாதி அசலூரு ஆளு."

"அப்பம் நோய அடிக்கிற அணுவெல்லாம் அதையும் அடிச்சிராதா?"

"நல்லாக் கேட்ட! கர்ப்பப்பையில அந்த அணுக்கள்தான் கூட்டமா நின்னு, ரத்தக் குழாய அகலப்படுத்த ஒத்தாச பண்ணுது. பிள்ளைக்குத் தாராளமா ரத்தம் போகணும்லா?"

இது முதல் சேதி. இரண்டாவது, ஏழாம் மாதத்தில் வேலம்மாளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மருந்தும் கொடுத்தார்கள், அவள் உடம்பின் காவல் அணுக்களும் கிருமியை விரட்டி அடித்தன. வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை.

மூன்று கிலோ எடையில் பெண் பிறந்தாள். அந்த ஊரில் நஞ்சுக்கொடியை மண்கலயத்தில் வைத்து வீட்டுக் கொல்லையில் புதைப்பார்கள். புதைத்த மண் பிள்ளையின் சொந்த மண் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆசையில் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் குழி வெட்டிவிட்டார்கள். குழி இரண்டு, கலயம் ஒன்று. பிரசவ அறை வாசலில் சண்டை மூண்டது.

"எம் மவன் வித்துலா! எங்க கொல்லைக்குத்தான் வரணும்" என்றாள் பேச்சியம்மாள்.

"வேத்தாளப் பொறுத்துக்கிட்டுச் சொமந்தது எம் மவ உடம்பு மைனி. எங்க கொல்லைக்குத்தான்" என்றாள் வேலம்மாளின் தாய் இசக்கியம்மாள்.

வேலம்மாளின் கணவன் சுடலைமணி, பாவம், சமாதானம் செய்ய வந்தான். "ஆளுக்குப் பாதியா வெட்டிக்கிட்டா என்ன?"

அம்மாவும் மாமியாரும் அன்று ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அவனைத் திட்டித் தீர்த்ததுதான்.

அப்போது கட்டிலிலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "அது எங்க போகணும்னு நான் சொல்லுதேன். கலயத்த எங் கையில கொடுங்க."

வித்துக்காகக் கேட்டவள், பொறுமைக்காகக் கேட்டவள், கட்டிலில் கிடந்து கேட்டவள். கலயத்தை யாரிடம் கொடுப்பது நியாயம்?

விடை: வேலம்மாளிடம். பேச்சியம்மாள் சொன்னது பாதி சரி. ஆனால் வித்து மட்டும் இருந்தால் போதாது, வழிவிடும் இடமும் வேண்டும். இசக்கியம்மாள் மகளைக் குறைத்துச் சொல்லிவிட்டாள். அவள் மகள் உடம்பு வெறுமனே பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. விழித்திருந்தது, கிருமியை அடித்தது, பிள்ளைக்கு வழி அகலப்படுத்தியது. யாரை விரட்டுவது, யாரை வளர்ப்பது என்று தெரிந்த உடம்பு அது. நஞ்சுக்கொடி முளைத்தது பிள்ளையிடமிருந்து, அதனால் பிள்ளைக்கே சொந்தம். பிள்ளைக்கு வாய் வரும்வரை அவளுக்காகப் பேச, பெற்ற இவளைவிட யாருக்கு உரிமை? ஜெபராணியும் அப்படி நினைத்துத்தான் கலயத்தை வேலம்மாளிடம் நீட்டினாள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க ரத்தத்த என் உடம்பு ஏத்துக்கிட்டுது அத்த. நீங்க வெட்டுன குழியிலயே வைங்க. எங்கம்மா மண்ணத் தள்ளட்டும்."