மேனேஜர் பெயர் தின்ற சிப்பு

“பத்தாயிரம் தடவை அழிச்சு எழுதலாம்னு சிப்பு வித்தவனே சொல்லியிருக்கான். உன் கையில மட்டும் எட்டே நாள்ல சாகுது. கோளாறு சிப்புலயா, உங்கிட்டயா?” என்று மேனேஜர் தண்டபாணி எல்லார் முன்னாலும் கேட்டார்.

கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்குக் கன்ட்ரோலர் செய்யும் கம்பெனி அது. ஜெபமணி அங்கே சிப்பில் புரோகிராம் ஏற்றுகிறவள். சோதனைக்கு ஓடவிட்ட சிப்புகளில் மூன்று செத்திருந்தன. நாலு மணிக்கு முதலாளியம்மா வருவதற்குள் சாகாத சிப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஜெபமணி வீட்டுக்குப் போகலாம் என்றார், சிப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத மனிதர்.

நாலு மணிக்கு ஜெபமணி ஒரு சிப்பை நீட்டினாள். “சாகாதுங்கம்மா. புரோகிராம்ல ஒரு வரியைத்தான் எடுத்தேன்.”

“என்ன வரி?” என்றார் முதலாளியம்மா.

“‘மேற்பார்வை: தண்டபாணி’ங்க. நான் ஒவ்வொரு சிப்புலயும் ஏத்தினது ஆறே தடவை. சார் தன் பேரையும் நேரத்தையும் நிமிஷத்துக்கொரு தடவை சிப்புக்குள்ள அழிச்சு எழுதச் சொன்னாருங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது தடவை. ஏழு நாள்ல பத்தாயிரம் தீந்துபோச்சு, எட்டாம் நாள் சிப்பு செத்துப்போச்சு.”

“பேரை எடுத்ததுல பம்பு நின்னுதா?”

“இல்லீங்கம்மா. அது பாட்டுக்கு ஓடுது.”

முதலாளியம்மா தண்டபாணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஜெபமணி அடுத்த சிப்பைக் கையில் எடுத்தாள்.

தண்டபாணி அவள் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “வாரத்துக்கு ஒரு தடவையாவது என் பேரைப் போட்டுவிடேம்மா.”