மாப்பிள்ளை மோதிரமும் கத்துற மிஷினும்

"ஏம்மா பியூலா! மிஷினு எங்க வச்சாலும் கத்துதும்மா!"

இடுப்பளவுத் தண்ணியில நின்னு ஆதிலிங்கம் அலறுனாரு.

பியூலா கரையில உக்காந்து தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. சாயங்காலம் பரோட்டாக் கடை. காலையில, அலைக்குள்ள தங்கம் பித்தள தேடுற மிஷினு. மாவடிச்ச கையி. இவ மேல அடிக்கலாமா வேணாமான்னு அலையே ஒரு நிமிசம் யோசிக்கும்.

ஆதிலிங்கம் அவளுக்குப் பதினஞ்சு வயசு மூத்த சிஷ்யன். டாக்டர் தொப்பையக் குறைக்கச் சொன்னதுல இருந்து மூணு மாசமா மிஷினும் கையுமா அலையுதாரு. தொப்பை அப்படியே இருக்கு. சோடா மூடி மட்டும் ஒரு டப்பா சேந்திருக்கு.

"என்னத்தத் தேடி இந்தக் கூத்து அண்ணாச்சி?"

"மோதிரம்!"

"யாரு மோதிரம்?"

"மாப்பிள்ளைக்குப் போடுற மோதிரம்! பத்து மணிக்கு எம்மவளுக்கு நிச்சயம்!"

பியூலா கிளாஸக் கீழ வச்சா.

"நிச்சயம் மண்டபத்துல. மோதிரம் எப்படிக் கடலுக்கு வந்துச்சு?"

"வீடு பூராச் சொந்தக்காரங்க. எவன் களவாண்டுருவானோன்னு நானே விரல்ல மாட்டிக்கிட்டேன். பொட்டுத் தூக்கமில்ல. மனசு ஆறட்டும்னுதான் விடிஞ்சதும் இங்க வந்தேன்."

"கடல்ல எறங்குமுன்ன என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தேன்?"

"மோதிரத்தக் கழட்டணும்."

"ஏன்?"

"குளுந்த தண்ணியில விரலு சுருங்கும்."

சொல்லும்போதே அவரு மூஞ்சியும் சுருங்கிப்போச்சு.

அலை வந்துச்சு. நெஞ்ச நிமித்தி நேரா நின்னாரு. அது அவர வேட்டி மாதிரி மடிச்சு வச்சுட்டுப் போச்சு.

பியூலா எறங்கி வந்து காலரப் பிடிச்சுத் தூக்குனா.

"மிஷின எம்புட்டுல வச்சிருக்கீய?"

"முழுசா. ஒரு சத்தமும் தப்பிறக் கூடாதுல்ல?"

"அதான் உப்புத் தண்ணிக்கெல்லாம் கத்துது."

வாங்கி எதையோ திருகுனா. திருப்பிக் குடுத்தா.

ஹெட்போன்ல ஒரு சத்தமும் இல்ல.

"ஒண்ணுமே கேக்கலயே!"

"நடங்க. அலைக்குப் பக்கவாட்டா. மிஷினோட அடித்தட்டு மண்ண விட்டு எந்திரிக்கக் கூடாது. அந்தக் கம்பு வரைக்கும் போயி, ஒரு அடி தள்ளித் திரும்பி வாங்க."

நடந்தாரு. கண்ணு முன்னால நிச்சயம் ஓடுச்சு. சம்பந்தி விரல நீட்டச் சொல்லுதாரு, மாப்பிள்ளை நீட்டுதான், தாம்பாளத்துல வெத்தலையும் வாழைப்பழமும் மட்டும் கெடக்கு.

கரையில போன் அடிச்சுது. நின்னுச்சு. மறுபடி அடிச்சுது.

"எம்பொண்டாட்டியாத்தான் இருக்கும்!"

"கூப்பிடட்டும். தட்டு எந்திரிக்குது, பாருங்க."

அமுக்குனாரு. தொடை எரிஞ்சுது. தோளு கழண்டு விழப் பாத்துச்சு. தண்ணி இடுப்புல இருந்து வயித்துக்கு ஏறுச்சு.

ரெண்டு வரிசை. மூணு வரிசை.

"ஏம்மா, தண்ணி ஏறுது. ஒரு சத்தங்கூட இல்ல."

"ஆமா."

"ஆமாவா? எம்மவ வாழ்க்கையம்மா!"

"திரும்புங்க."

நாலாவது வரிசையில அலை வந்துச்சு. அவரு தோளத் திருப்பிக் குடுத்தாரு. அது பாட்டுக்குப் போச்சு. அஞ்சாவதுல, அலை வாறதுக்கு முன்னாலயே காலு மண்ணப் பிடிச்சுக்கிடுச்சு. தட்டு, தாலாட்டுற மாதிரி, மண்ணத் தடவிக்கிட்டே போச்சு.

பியூலா பக்கத்துல வந்து மிஷின ஒரு தொடு தொட்டா. "ம். போங்க."

பத்தடி போயிருக்க மாட்டாரு.

டிங்.

சின்னதா. ஒத்தச் சத்தம்.

சத்தத்துக்குப் பக்கத்துல கால ஊணி, மண்ணள்ளி அரிக்கிற ஓட்டச் சட்டிய அடியில குத்தி, பல்லக் கடிச்சு இழுத்தாரு. மண்ணு ஒழுகுச்சு. சிப்பி ரெண்டு. அதுக்கு நடுவுல மோதிரம்.

கரைக்கு எப்படி வந்தாருன்னு அவருக்கே தெரியாது. மோதிரத்த வாய்க்குள்ள அதக்கிக்கிட்டு அழுதாரு, சிரிச்சாரு. பெறகு எடுத்துத் துடைச்சாரு.

"கைராசிக்காரிம்மா நீ! சத்தத்தக் குறைச்சு வச்சதும் என்ன ஒரு தெளிவு!"

"குறைக்கல அண்ணாச்சி. அணைச்சுல்ல வச்சிருந்தேன். கடைசியிலதான் போட்டேன்."

ஆதிலிங்கம் வாயப் பொளந்தாரு.

"அப்ப அந்த அஞ்சு வரிசையும் நான் என்னத்தத் தேடுனேன்?"

"நீங்க எங்க தேடுனீய? நான்ல தேடுனேன்."

"எத?"

பியூலா ஆறிப்போன தேத்தண்ணிய மண்ணுல ஊத்துனா.

"பதட்டத்துல தொலைஞ்சுபோன உங்கள."