தாலி கட்டும் நேரத்து கேமரா

ஸ்டுடியோ முதலாளி தணிகாசலத்திடம் இரண்டு டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராக்கள் இருந்தன. புதியதில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பழையது குட்டை லென்ஸோடு கைப்பைக்குள் அடங்கிவிடும். ஆறு வருடமாக அவருக்கு விளக்குப் பிடித்த மரகதம் தானும் படமெடுக்க வேண்டும் என்றாள்.

"நாளைக்குக் கல்யாணத்துல ரெண்டு பேரும் எடுப்போம். கேமராவை நீயே தேர்ந்தெடு. தாலி கட்டுற படம் என்னுதைவிட நல்லா வந்தா நீயும் போட்டோகிராபர். இல்லேன்னா கடைசிவரைக்கும் லைட்டுதான்."

மரகதம் பழையதை எடுத்தாள். "உன் அறிவு அவ்வளவுதான்" என்று சிரித்தார்.

மறுநாள் மண்டபத்தின் நடுவில் ஸ்டாண்டு போட்டுப் பெரிய லென்ஸோடு நின்றார். மரகதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கைப்பையோடு மேடையில் மணப்பெண்ணின் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் வீட்டாள் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாள் என்று நினைத்தார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் அட்சதையோடு சொந்தக்காரர்கள் மொத்தமும் எழுந்து மேடையைச் சூழ்ந்தார்கள்.

தணிகாசலத்தின் படத்தில் தாய்மாமனின் முதுகு தெளிவாக விழுந்திருந்தது. மரகதத்தின் படத்தில் மூன்றாம் முடிச்சும், மணப்பெண்ணின் ஈரக் கண்களும் இருந்தன.

பெண்ணின் அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த கேமரா ராசி அப்படிம்மா. யார் பிடிச்சாலும் படம் விழும்" என்றார் தணிகாசலம்.

"அப்போ அடுத்த முகூர்த்தத்துக்கு அதை நீங்களே வச்சுக்குங்க சார். பெரிசை நான் எடுத்துக்கிறேன்" என்றாள் மரகதம்.



"யார் எதை வேணா வச்சுக்குங்க" என்றாள் பெண்ணின் அம்மா. "எங்க சின்னவ கல்யாணத்துக்குப் படம் எடுக்க இந்தப் பொண்ணுதான் வரணும்."