ரயில் பூச்சியிடம் ஒரு கேள்வி

மலையடிவாரத்தில் உமையாளம்மையின் மடம் இருந்தது. அம்மைக்கு வயது நாற்பதுதான் இருக்கும். அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த காலத்தில் பிளாட்பாரத்தில் ஒரு சருகு கிடக்காது என்பார்கள். மடத்து நந்தவனத்தையும் இப்போது அப்படித்தான் வைத்திருந்தார். பொழுது விடிந்ததும் ஓர் இலை விடாமல் கூட்டி அள்ளிவிடுவார். அதுதான் அவர் செய்யும் தொண்டு.

போன புயலில் மடத்து வில்வ மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. அதன் கடைசிப் பழங்களை உடைத்து, விதையெடுத்து, பாத்தி கட்டி ஊன்றினார் தில்லைநாயகம். முளைத்தன. பெற்ற பிள்ளையை அவர் அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மழை தொடங்கியதும் மரவட்டைகள் வந்தன. பிள்ளைகள் ரயில் பூச்சி என்று சொல்லி, தொட்டுச் சுருளவிட்டு விளையாடுவார்களே, அதே பூச்சி. நாற்றுகளில் பாதி அடித்தண்டு அரிபட்டுச் சாய்ந்துபோயின.

தில்லைநாயகம் அம்மையிடம் ஓடினார். எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சொல்லித்தான் அவர் தீட்சை வாங்கியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை உத்தரவு குடுங்கம்மா. பாத்தியில வெந்நீர் ஊத்திடறேன்."

"எதுக்கு?"

"இளந்தண்டுன்னா அதுகளுக்கு உசிரு. விட்டா ஒரு நாத்துகூட மிஞ்சாது."

"உசிருன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? திங்கறதைக் கண்ணால பாத்தேனே."

"தின்னதைப் பாத்தீங்க. பிடிச்சுத் தின்னுச்சான்னு அதுகளையே கேளுங்க. ஆமான்னா வெந்நீர் ஊத்துங்க."

"பூச்சிகிட்ட எப்படிம்மா கேக்கறது?"

அம்மை ஒரு தாம்பாளத்தை எடுத்து மண் பரப்பினார்.

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வைங்க. நடுவுல அதுகளை விடுங்க. எங்க போகுதோ அதுதான் பதில். முதல்ல ஈரமா, காஞ்சதான்னு கேளுங்க. மேல முறத்தைக் கவுத்துடுங்க. வெளிச்சம் குறுக்க பேசக் கூடாது."

மறுநாள் தில்லைநாயகம் முகம் மலர வந்தார்.

"அத்தனையும் காஞ்ச பக்கம் ஒண்டிக் கிடக்கு. ஈரம் அதுகளுக்கு ஆகலை. அப்புறம் ஈரப் பாத்திக்கு எதுக்கு வருது? தண்டைத் திங்கத்தானே?"

அம்மை ஈர மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். பச்சைக் கற்பூரம் மணத்தது.

"என்ன தண்ணி விட்டீங்க?"

"அபிஷேகத் தீர்த்தம்மா. உயிர் விஷயமாச்சே. நல்ல வாக்கா வரட்டும்னு..."

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஈரத்தைக் கேட்டீங்களா, கற்பூரத்தைக் கேட்டீங்களா?"

தில்லைநாயகம் தலையைச் சொறிந்தார்.

"கிணத்துத் தண்ணி போதும்" என்றார் அம்மை.

கிணற்றுத் தண்ணீர் விட்டதும் எல்லாம் ஈரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தில்லைநாயகம் அதை மெல்லிய குரலில் வந்து சொன்னார்.

"இப்ப சாப்பாட்டைக் கேளுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஈரம் இருக்கட்டும். ஒரு பக்கம் வில்வத் தளிர், ஒரு பக்கம் மக்கின இலை."

மிஞ்சிய நாற்றிலிருந்து மனசில்லாமல் தளிரைக் கிள்ளினார். மக்கிய இலைக்காக நந்தவனம் முழுக்க அலைந்தார். ஒன்றுகூட இல்லை. மதிலுக்கு வெளியே, தாம் குப்பை கொட்டும் குழியில் இறங்கித்தான் எடுத்து வந்தார்.

முறத்தை லேசாகத் தூக்கி, குனிந்து உட்கார்ந்தார். ஒரு மரவட்டை புறப்பட்டது. மீசையால் மண்ணைத் தட்டித் தட்டி விசாரித்தது. அதன் கால்கள் பின்னிருந்து முன்னாக, நெல் வயலில் காற்றுப் போவதுபோல் அசைந்தன. இத்தனை நாள் அதை விளக்குமாற்றால் தள்ளியவர் இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பச்சைத் தளிர் மேல் ஏறியது. நிற்கவில்லை. இறங்கி நேரே போய், மக்கிய இலையின் ஓரத்தைக் கடித்தது. இன்னொன்றும் அப்படியே போனது. பிறகு ஒவ்வொன்றாகப் போயின.

"அம்மா!" என்று கத்திவிட்டார்.

அம்மையும் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"எத்தனையோ வண்டியை ஒண்ணோட ஒண்ணு மோதாம அனுப்பி வெச்சவன் நான். இத்தனூண்டு உடம்புல இத்தனை காலு, ஒண்ணை ஒண்ணு இடிக்காம நடக்குதே! யாரும்மா இதுக்கெல்லாம் கொடி காட்டறது?"

அம்மை இன்னும் தாழக் குனிந்தார். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் தளிர்கிட்டயே நின்னுடுச்சும்மா. அதைக் கணக்குல சேக்காம விட்டுடலாமா?"

"அதுவும் பதில் சொல்லியிருக்குல்ல?"

தில்லைநாயகம் தலையசைத்தார். பிறகு யாரும் சொல்லாமலே இலைகளைப் பக்கம் மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் மக்கியதைத் தேடித்தான் போயின. கடைசியாக மக்கியதை எடுத்துவிட்டு, தளிரை மட்டும் வைத்தார். மரவட்டைகள் தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. வெகுநேரம் கழித்து, வேறு வழியில்லாமல், தளிரைக் கடித்தன.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பசிம்மா. வெறும் பசி. அதுக சாப்பாட்டை நாந்தான் தினமும் கூட்டி அள்ளி வெளிய கொட்டியிருக்கேன்."

அன்றே குழியிலிருந்து கூடை கூடையாக இலை சுமந்து வந்து, பாத்திகளுக்கு நடுவில் பரப்பினார். அடுத்த வாரம் அம்மையை அழைத்துப்போய்க் காட்டினார். மிஞ்சிய நாற்றுகள் புதுத் தளிர் விட்டு நின்றன. ஓர் இலையைத் தூக்கினார். அடியில் மரவட்டைகள் மொய்த்துக் கிடந்தன. அவை தின்று கழித்த இடமெல்லாம் மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்த இலையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்தானேம்மா? அதனாலதானே ஆமான்னா ஊத்துங்கன்னு துணிஞ்சு உத்தரவு குடுத்தீங்க?"

"தெரியாது."

தில்லைநாயகம் திடுக்கிட்டார்.

"தெரியாமயா? அதுக தளிருக்கே போயிருந்தா?"

"வெந்நீர்ப் பானையை ஒரு பக்கம் நானும் பிடிச்சிருப்பேன்."

"அம்மா!"

"ஒவ்வொரு தடவை நீங்க முறத்தைத் தூக்கினப்பவும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பதில் எப்படி வேணா வந்துடலாம்ங்கிற பயம் இல்லாம கேட்டா, அது கேள்வியா தில்லைநாயகம்?"