குப்பை அள்ள வந்த கப்பல்கள்

வடக்கே, கடலே கல்லாக உறைந்துபோகிற ஒரு கரையில், எப்போதோ ஹால்வர் என்று ஒரு ராஜா இருந்தான். கெட்டவன் இல்லை. தன் நாட்டை நினைத்தாலே கூச்சப்படுகிறவன், அவ்வளவுதான்.

கூச்சப்பட அங்கே ஒன்றுமே இல்லை, கேளுங்கள். மலையைத் தோண்டினால் நிலக்கரி. வலை போட்டால் கொழுத்த மீன். அதன் கொழுப்பை உருக்கினால் விளக்குக்கு எண்ணெய். கரை நெடுக பைன் காடு. இவற்றை வைத்துத்தான் ஜனங்கள் குளிர்காலத்தைத் தாண்டினார்கள்.

தெற்கேயிருந்து ஒரு வியாபாரி பட்டுச் சால்வையோடு வந்து இறங்கினான். கரியைப் பார்த்து முகம் சுளித்தான். "சீச்சீ, என்ன ராஜா, ஊரெல்லாம் ஒரே கறுப்பு?"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கவலைப்படாதீர்கள். நானே அள்ளிக்கொண்டு போகிறேன். கூலி வேண்டாம்."

"கூலிகூட வேண்டாமா! தங்கமான மனுஷன்!"

வசந்தத்தில் கரி போனது. கோடையில் வந்து, "எண்ணெய் நாறுகிறதே" என்றான். பீப்பாய் பீப்பாயாக அதுவும் போனது. இலை உதிர்கிற காலத்தில் வந்து, "இந்த மரமெல்லாம் கடலை மறைக்கிறதே" என்றான். காடும் கப்பலேறியது. ராஜா கரையில் நின்று கையாட்டினான். மந்திரிகள் கைதட்டினார்கள், அவர்கள் வேலையே அதுதான்.

கைக்குழந்தையோடு நின்ற மீன்காரி சிக்னி மட்டும் கத்தினாள். "யோவ் மந்திரி, குளிர் வந்தால் எதை எரிப்பது? உம் கைதட்டலையா?"

"நாடு எப்படிப் பளிச்சென்று இருக்கிறது, அதைப் பார்!"

பளிச்சென்றுதான் இருந்தது. பனி விழுந்தது, கடல் உறைந்தது. இனி எந்தக் கப்பலும் வராது. சிக்னியின் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, கோடரியோடு அரண்மனைக்குள் போனாள் சிக்னி. காவலாளி தடுக்கவில்லை, அவனுக்கும் குளிர்.

"என்னம்மா வேண்டும்?" பற்கள் கிடுகிடுக்க ராஜா கேட்டான்.

"விறகு."

"எல்லாக் குப்பையையும் ஒழித்துவிட்டோமே..."

"ஒன்று பாக்கி இருக்கிறது. கொஞ்சம் எழுந்திருங்க."

ராஜா எழுந்தான். சிம்மாசனம் நன்றாகக் காய்ந்த பழைய மரம், சட்டென்று பிளந்தது. தீ பிடித்துச் சூடு ஏறியதும் குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கப்புறம்தான் சிக்னிக்கு மூச்சே வந்தது. மறுநாளிலிருந்து கதவு, தூண், மந்திரிகளின் நாற்காலிகள் என்று வசந்தம் வரை அரண்மனை எரிந்தது.

தரையில் உட்கார்ந்து கையை நீட்டிய ராஜா சொன்னான்: "நல்ல சூடு. சிம்மாசனத்தின் மேல் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை."

அடுத்தவன் முகம் சுளிக்கிறான் என்று தன் வீட்டுப் பொருளைக் குப்பையாக நினைக்கிறவன், கடைசியில் தன் நாற்காலியை எரித்துத்தான் குளிர்காய வேண்டும்.