மடிக்காத இறக்கை

பறவையும் மீனும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலம் அது. அந்தக் காலத்தில் நீர்க்காகத்தின் இறக்கையில் எண்ணெய் இருந்தது. வாத்துக்கு இருப்பதைவிட நல்ல எண்ணெய். மேலே விழுந்த தண்ணீர் உருண்டு ஓடிவிடும், ஒரு சொட்டுக்கூடத் தங்காது. அதனாலேயே அதற்கு முங்கத் தெரியாது. தலையை உள்ளே விட்டால் வால் மேலே நிற்கும். கரையோரத்து அயிரை மீனைக் கொத்தி வயிறு கழுவியது. ஆனாலும் மினுக்குக்குக் குறைச்சலில்லை. கண்மாயில் தன் நிழலைப் பார்த்தபடியேதான் மிதக்கும்.

தெற்கே, மழையை நம்பிய ஒரு ஊர். ஊருக்கு ஒரே கண்மாய். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நேர் கீழே, மூன்று ஆள் ஆழத்தில், வயலுக்குத் தண்ணீர் போகும் மடைத்துளை. அதை ஒரு மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். தண்ணீர் வேண்டும்போது ஒருவன் முங்கிப் போய்க் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் தண்ணீர் அந்தத் துளைக்குப் பாயும். அந்த இழுப்பில் கையைக் கொடுத்தவன் மேலே வரமாட்டான். அந்த வேலை சேவுகனுடையது. அவன் அப்பன் அதில்தான் போனான். பெரியப்பனும் அதில்தான் போனான்.

சேவுகன் முங்கும்போது அவன் பெண்டாட்டி இருளாயி கரையில் ஒரு காய்ந்த சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நிற்பாள். நடுங்கியபடி ஏறி வருகிறவனை அப்படியே சுற்றிக்கொள்வாள். மடைக்காரன் வீட்டு வழக்கம் அது. அவன் உள்ளே இருக்கும்வரை சேலையை மடிக்கக் கூடாது, கையைத் தாழ்த்தக் கூடாது. மடித்தால், இனி வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நீர்க்காகத்துக்கும் ஒரு வேலை உண்டு. தூண்களுக்கு நடுவே மிதந்துகொண்டு, கீழே இருந்து வரும் குமிழியைப் பார்த்து, ஆள் ஏறுவதைக் கரைக்குச் சொல்லும். சேவுகனும் ஆழத்து மீன் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து அதன் வாயில் போடுவான்.

"உன் உடம்பு எனக்கு இருந்தா குளிரே தெரியாதுப்பா" என்பான்.

"இந்த உடம்பு இருந்தா நீ முங்கவே மாட்டண்ணே. மிதந்துக்கிட்டே கெடப்ப" என்று நீர்க்காகம் சிரிக்கும்.

அந்த வருஷம் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்குக் கலுங்கு என்று ஒரு வழி இருக்கும். அந்தக் கலுங்கின் மேல் கல்லும் மண்ணும் போட்டு ஒரு முழம் உயர்த்தினார்கள். ஒரு முழத் தண்ணீர் கூட நின்றால் இரண்டாம் போகமும் விளையுமே என்று ஆசை.

"எடுத்துருங்கப்பா. பெரிய மழை வந்தா தண்ணிக்குப் போக்கு இல்லாமப் போயிரும்" என்றான் சேவுகன்.

"வந்தா நீ எதுக்கு இருக்க?" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

ஐப்பசியில் வந்தது. ஏழு நாள் விடாத மழை. எட்டாம் நாள் காலை மழை விட்டும் மேட்டிலிருந்து வெள்ளம் வந்துகொண்டே இருந்தது. கலுங்கின் பக்கம் போகவே முடியவில்லை. கரையில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது. கரை போனால் ஊர் இல்லை. மடையைத் திறந்தால்தான் தண்ணீர் வடியும். எல்லோரும் சேவுகன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். போன மாதம் சிரித்த வாய்கள் எல்லாம் இப்போது அவனைக் கும்பிட்டன.

சேவுகன் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கண்மாயில் இறங்கினான். இருளாயி சேலையை விரித்துப் பிடித்தாள்.

அவன் முங்கினான். கொஞ்ச நேரத்தில் தூண்களுக்கு நடுவே சுழல் விழுந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. ஊர் பிழைத்தது. பிழைத்த ஊர் அத்தனையும் வாய்க்காலைப் பார்க்க ஓடியது. கரையில் இருளாயி மட்டும் நின்றாள்.

சேவுகன் வரவில்லை.

இருளாயி கத்திப் பார்த்தாள். வாய்க்கால் இரைச்சலில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. நீர்க்காகம் தலையை உள்ளே விட்டது. எண்ணெய் அதை மேலே தூக்கிப் போட்டது. மறுபடி விட்டது. மறுபடி தூக்கிப் போட்டது. அப்போது அடியிலிருந்து ஒரு விரால் மீன் ஏறி வந்தது.

"அண்ணன் எங்க?" என்று நீர்க்காகம் கேட்டது.

"கட்டையப் புடுங்கிட்டான். கை துளைக்குள்ள மாட்டிக்கிருச்சு. இன்னும் உசுரு இருக்கு."

"எனக்கு முங்க வரலையே."

"எப்புடி வரும்? உன் எண்ணெய்தான் உன்ன விடமாட்டேங்குது" என்றுவிட்டு விரால் போய்விட்டது.

இருளாயிக்கு அது கேட்டது. "துவைக்கிற துறையில உவர்மண்ணு கரைச்ச தாழி இருக்கு. சேலைப் பிசுக்கையே எடுக்குற மண்ணு. அதுல உருண்டு வாப்பா."

"எண்ணெய் திரும்ப வருமா தாயி?"

"எனக்குத் தெரியாது. போ."

நீர்க்காகம் பறந்துபோய்த் தாழியின் விளிம்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது, உடனே இறங்கவில்லை. இறக்கையைத் திருப்பி அதன் பளபளப்பை ஒரு முறை பார்த்தது. அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நம்மிடம் இருக்கும் ஒரே அழகைக் கழுவிப் போடச் சொன்னால் நாமும் ஒரு முறை பார்க்கத்தான் செய்வோம். ஆனால் சேவுகனிடம் மிச்சம் இருந்ததும் அவ்வளவு நேரம்தான்.

பிறகு அது தாழிக்குள் விழுந்து புரண்டது. எண்ணெய் நுரைத்து வெளியேறியது. கனத்துப்போன இறக்கையோடு தட்டுத் தடுமாறி வந்து தூண்களுக்கு நடுவே விழுந்தது. கண்மாய் அதை உள்ளே வாங்கிக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அது முங்கியது.

அடியில் சேவுகன் இருந்தான். வலது கை முழங்கைவரை துளைக்குள். கண் திறந்திருந்தது. மற்றக் கையை அது அலகால் கவ்வி இழுத்தது. அந்தக் கை சூடாக இருந்தது. விரல்கள் மட்டும் பிடிப்பு விட்டு விரிந்து கிடந்தன. இழுத்த இழுப்பில் அலகின் நுனி கொக்கியாக வளைந்தது. மூச்சுக்கு மேலே வரும், திரும்ப முங்கும், இழுக்கும். கை குளிர்ந்த பிறகும் இழுத்தது.

வாய்க்கால் பக்கம் போன ஊர் திரும்பி வந்தது. வயலில் ஏறிய மீனை வேட்டியில் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இருளாயியைப் பார்த்ததும் மீன் மூட்டைகளைப் பின்னால் மறைத்தார்கள்.

"மடிச்சிரு தாயி" என்றார் ஒரு பெரியவர்.

"இன்னும் ஏறி வரல" என்றாள் அவள்.

மூன்று நாள் நின்றாள். கண்மாய் வடிந்து மடைத்துளை வெளியே தெரிந்தபோது சேவுகனை எடுத்தார்கள். அவன் மேல் போடத் துணி வேண்டியிருந்தது. இருளாயியின் விறைத்த கையிலிருந்து அந்தச் சேலையைப் பிடுங்கித்தான் போட்டார்கள். சேலை போன பிறகும் அவள் கை தாழவில்லை. இரண்டு பெண்கள் பிடித்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

நீர்க்காகம் கல்தூணில் ஏறி உட்கார்ந்தது. உடம்பெல்லாம் நனைந்து நடுங்கியது. இறக்கையை மடிக்கப் போனது. மடிக்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்து இரண்டையும் அகல விரித்தது. எண்ணெய் திரும்ப வரவே இல்லை.

அடுத்த வருஷமும் கலுங்கில் மண் போட்டார்கள். முங்குவதற்குச் சேவுகனின் தம்பி இருந்தான்.

எந்தக் கண்மாயிலும் நீங்கள் பார்க்கலாம். நீர்க்காகம் முங்கும், எழும், தூணில் ஏறி நின்று இரண்டு இறக்கையையும் விரிக்கும். ஈரம் காய வைக்கிறது என்பார்கள். ஏறி வருகிறவனைச் சுற்றிக்கொள்ள அது இறக்கையை விரித்து நிற்பது அன்று தொடங்கியதுதான், இன்றுவரை யாரும் ஏறி வரவில்லை.