நூறு சீட்டும் இரண்டு மருமகள்களும்

விரலை மடக்கி எண்ணத் தெரிந்தால் போதும், இந்தக் கதைக்கு வேறு படிப்பு வேண்டாம்.

பனையங்குளத்தில் ஒரு பனங்கற்கண்டு ஆலை இருந்தது. முதலாளி வைகுண்டம் ஆலையை நூறு பங்காக்கி, பங்குக்கு ஒன்றாக நூறு சீட்டு அச்சடித்து, ஒன்று விடாமல் ஊருக்குள் விற்றிருந்தார். வைத்திருப்பவர் விற்கலாம், வேண்டியவர் வாங்கலாம். சனிக்கிழமைச் சந்தையில் கருவாட்டு விலை போலச் சீட்டு விலையும் ஏறும், இறங்கும்.

அந்த வருஷம் சிலர் புதுசாக ஒரு வேலை ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்தில் சீட்டை இரவல் வாங்கி, சந்தையில் அன்றைய விலைக்கு விற்றார்கள். விலை விழுந்ததும் மலிவாக ஒரு சீட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மடியில் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணம். அதற்கு விலை விழ வேண்டுமே! "பதநீரெல்லாம் புளிச்சிட்டாம், ஆலைய மூடப் போறாவளாம்" என்று ஒரு பேச்சும் கூடவே கிளம்பியது.

வைகுண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆலை வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "இரவல் வாங்கி வித்துட்டு, இன்னும் திருப்பிக் குடுக்காத சீட்டு எத்தனன்னு சரியாச் சொல்றவுகளுக்கு ஆபீஸ் மேசை வேலை."

போட்டிக்கு வந்தது ஒரே வீட்டு மருமகள்கள் இருவர். மூத்தவள் தங்கபுஷ்பம், இளையவள் செல்லக்கனி. மாமியார் முன்கூட்டியே தீர்த்துவிட்டாள்: "ஒருத்தி வேலைக்குப் போனா மத்தவ அடுப்படியிலதான். ரெண்டு பேரு பிள்ளையளையும் அவதான் பாக்கணும்."

செல்லக்கனிக்கு வயிறு எரிந்தது. ஓரகத்தி மேல் அவளுக்கு எப்போதுமே அப்படித்தான். அக்கா சேலைக்குக் கரை அகலமாகத் தெரியும். அக்கா வைத்த குழம்பென்றால் மாமனார் மறுசோறு கேட்பார். வளைகாப்பில் அக்காவுக்கு எத்தனை வளையல், தனக்கு எத்தனை என்று இன்றைக்கும் மனசுக்குள் எண்ணி வைத்திருக்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் அவள் வாயில் முதலில் வருவது, "ஒங்களுக்கு எத்தன?"

தங்கபுஷ்பம் விவரமானவள். காலையிலேயே புறப்பட்டு வீடு வீடாக ஏறி, "யாருக்காவது சீட்டு இரவல் குடுத்தீகளா? திரும்பி வராதது எத்தன?" என்று கேட்டு நோட்டில் எழுதினாள். யாரும் மறைக்கவில்லை.

செல்லக்கனிக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அக்கா எந்த வீட்டிலிருந்து இறங்கினாளோ, அந்த வீட்டில் இவள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஏறினாள். பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது: "ஒங்களுக்குச் சொந்தமா எத்தன சீட்டு?"

"ஏளா, எங்க வீட்டுக்குப் பொண்ணா குடுக்கப் போற?" என்று சிரித்தாலும் சொன்னார்கள். இரவல் கொடுத்தவர்கள், "அஞ்சு. இப்பம் கையில இல்ல. ஆனா எனக்குள்ளதுதான்" என்றார்கள். சந்தையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்தே காட்டினார்கள். செக்கடி லிங்கதுரை மட்டும் கல்லாவுக்கு அடியிலிருந்து பத்துச் சீட்டை எடுத்துப் போட்டார். அதில் எண்ணெய்க்கறை இருந்தது. "இது ஒண்ணும் எனக்குள்ளது இல்லம்மா, இரவல். வார சனிக்கெழம விக்கலாம்னு வச்சிருக்கேன். எனக்குன்னு ஒரு சீட்டு கெடையாது."

செல்லக்கனி தன் தாளில் அவர் பெயருக்கு நேரே முட்டை போட்டாள்.

சாயங்காலம் ஆலை வாசலில் கூட்டம். தங்கபுஷ்பம் நோட்டைப் புரட்டாமலே சொன்னாள்: "நாப்பது, மொதலாளி."

செல்லக்கனி தாளில் இருந்ததைக் கூட்டிச் சொன்னாள்: "எல்லாருக்குஞ் சேத்து... நூத்தி முப்பது சீட்டு இருக்கு."

வாசலே சிரித்தது. "அச்சடிச்சதே நூறுதானம்மா! மிச்சம் முப்பதும் குட்டி போட்டுதா?" என்றார் முதலாளி. தங்கபுஷ்பமும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதுதான் செல்லக்கனிக்குச் சுருக்கென்றது. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"அந்தக் குட்டியத்தான நீங்க எண்ணச் சொன்னீக? முப்பது."

இருவரும் ஏறியது ஒரே வீடுகள். ஊரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஒருத்தி நாற்பது என்கிறாள், மற்றவள் முப்பது என்கிறாள். இதில் யார் சொன்னது சரி? மேசை யாருக்கு?

விடை: செல்லக்கனி சொன்னதே சரி. இரவல் சீட்டை விற்றுவிட்டால், கொடுத்தவரும் எனக்குள்ளது என்பார், விலைக்கு வாங்கியவரும் எனக்குள்ளது என்பார். ஒரு சீட்டுக்கு இரண்டு சொந்தக்காரர். ஆகவே நூறுக்கு மேல் வந்த முப்பதும் அப்படி விற்றவை. தங்கபுஷ்பம் எண்ணியது இரவல் போன சீட்டை. லிங்கதுரை கல்லாவுக்கு அடியில் விற்காமல் கிடந்த பத்தும் அதில் சேர்ந்துவிட்டது. மேசை செல்லக்கனிக்குப் போயிற்று. முதல் நாள் வேலை முடிந்து வந்து பிள்ளைக்குக் கையை நீட்டினாள். அவன் தங்கபுஷ்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றான். செல்லக்கனிக்குப் பழைய இடத்திலேயே எரிந்தது. "அக்கா," என்றாள், "இன்னைக்கு ஒங்களுக்கு எத்தன முத்தம் குடுத்தான்?"